அக்ரிலிக் தொட்டிக்கு மேலே சுடும் விளக்கு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஐயா, என் அக்ரிலிக் (கண்ணாடி போன்ற தெளிவான பிளாஸ்டிக்) மீன்தொட்டி ஒன்றரை மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம். மேலே சுற்றிலும் விளிம்பு, நடுவில் 20 செ.மீ. அகலத்தில் ஒரு குறுக்குப்பட்டை. பவளம் வளர்க்க இரண்டு 400 வாட் மெட்டல் ஹாலைடு விளக்கு வாங்கிவிட்டேன். கண்ணாடித் தொட்டி வைத்திருக்கும் நண்பர் பல்பைத் தண்ணீருக்கு 20 செ.மீ. மேலே தொங்கவிட்டிருக்கிறார். நானும் அப்படியே செய்யலாமா? அக்ரிலிக் உருகிவிடும் என்று பயமுறுத்துகிறார்களே?

பதில்: உருகாது. ஆனால் அதைக் கேட்டு நிம்மதி அடைந்துவிடாதீர்கள். உருகும் சூடு வருவதற்கு ரொம்ப முன்பே தொட்டி வீணாகிவிடும். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் தகடு அறுத்துத் தொட்டி ஒட்டிப் பிழைப்பவன். பவளத்துக்கும் தகட்டுக்கும் வழக்கு என்று வந்தால் நான் தகட்டின் கட்சி. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அக்ரிலிக் 105 டிகிரி செல்சியஸ் வாக்கில் குழைய ஆரம்பிக்கும். தொடர்ந்து தாங்கக்கூடிய சூடு என்று தகட்டின் வகையைப் பொறுத்து 70 முதல் 80 டிகிரி வரை தயாரிப்பாளர்கள் குறிப்பிடுவார்கள். இந்த எண்களைப் பார்த்துவிட்டுத்தான் பலருக்குத் தைரியம் வருகிறது. சுமை ஏதும் இல்லாமல் கிடக்கும் தகட்டுக்கு அது பொருந்தலாம். உங்கள் தொட்டியின் மேல்பட்டை சும்மா கிடக்கவில்லை. 60 செ.மீ. உயரத் தண்ணீர் உங்கள் முன்பலகையைச் சுமார் 270 கிலோ எடைக்குச் சமமான விசையோடு வெளியே தள்ளுகிறது. பின்பலகைக்கும் அதே தள்ளு. இரண்டும் பிதுங்கிவிடாமல் மேலே இழுத்துப் பிடித்திருப்பது விளிம்பும் குறுக்குப்பட்டையும்தான், பீப்பாய்க்கு இரும்பு வளையம் மாதிரி. இரவும் பகலும் இழுவையில் இருக்கும் பிளாஸ்டிக்கைச் சூடாக்கினால், உருகாமலேயே அது மெல்ல நீளும். அப்படி நீண்டது பழைய அளவுக்குத் திரும்பாது. பட்டை லேசாக வளைந்து தொய்வதும், ஒட்டு ஓரத்தில் வெள்ளி இழை போலக் கோடுகள் தெரிவதும் அதன் அடையாளம்.

விரிவடைவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் அக்ரிலிக், ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் ஏறக்குறைய 0.07 மி.மீ. நீளும். கண்ணாடியைப் போல ஏழெட்டு மடங்கு. பட்டை 56 டிகிரியிலும் தண்ணீர் தொட்டுக்கொண்டிருக்கும் பலகை 26 டிகிரியிலும் இருந்தால், 60 செ.மீ. பட்டை ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் நீளப் பார்க்கும். விளக்கு அணைந்ததும் சுருங்கும். நாள்தோறும் ஒருமுறை இந்த இழுபறி முழுவதும் ஒட்டின் தலையில்தான் விழுகிறது.

பக்கப் பலகைகளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. உள்ளே இருக்கும் தண்ணீர் அவற்றின் சூட்டை வாங்கிக்கொண்டே இருக்கும். மேல்பட்டைக்குக் கீழே இருப்பதோ சில செ.மீ. காற்று, அதுவும் ஈரப் புழுக்கம். வந்த சூட்டை வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இல்லை. போதாததற்கு, அக்ரிலிக் வெப்பத்தைக் கடத்துவதில் கண்ணாடியைவிட ஐந்து மடங்கு மந்தம். பல்புக்கு நேர் கீழே விழுந்த சூடு அங்கேயே தேங்கும். உங்கள் நண்பர் தொட்டி கண்ணாடி. ஒரு கை அகலம் பட்டை வெயில் காய்கிற பிரச்சினை அவருக்கு இல்லை. அவருடைய 20 செ.மீ. உங்களுக்கு ஒத்துவராது.

உயரத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் பல்பு எதற்கு மேலே இருக்கிறது என்று பாருங்கள். குறுக்குப்பட்டைக்கு இருபுறமும் இரண்டு திறப்பு இருக்கும். ஒவ்வொரு திறப்பின் நட்ட நடுவுக்கு மேலே ஒரு பல்பு. பட்டைக்கு நேர் மேலே எந்தப் பல்பும் வரக் கூடாது, அதன் முனைகூட வரக் கூடாது. 400 வாட் திருகுப் பல்பு கிட்டத்தட்ட 30 செ.மீ. நீளம், ஹோல்டரும் சேர்ந்தால் இன்னும் கூடும். தொட்டியின் நீளவாக்கில் படுக்கவைத்தால் ஒரு முனை பட்டைப் பக்கம் போய் நிற்கும். முன்பின்னாக, பட்டைக்கு இணையாகப் படுக்கவையுங்கள். வெறும் இந்த ஒரு மாற்றத்தில் பட்டையின் சூடு கணிசமாக இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு உயரம். 400 வாட்டுக்கு பட்டையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில் தொடங்குங்கள். விளக்கு வழக்கமாக எரியும் நேரம் முழுவதும் எரியட்டும். பட்டையின் சூட்டை அளந்து பார்த்துவிட்டு ஐந்தைந்து செ.மீ. ஆகக் கீழே இறக்குங்கள். 50 டிகிரியைத் தொட்டால் அதற்கு முந்தைய உயரமே உங்கள் உயரம். 50 என்பது நான் வைத்துக்கொண்டிருக்கும் வரம்பு. சுமை தாங்கும் பட்டைக்கு அதற்கு மேல் விடமாட்டேன். எவ்வளவு குளிர்ச்சியாகத் தெரிந்தாலும் 400 வாட்டை 30 செ.மீ.க்குக் கீழே நான் இறக்குவதில்லை, 250 வாட் என்றால் 25. 20 செ.மீ. இலிருந்து 30 செ.மீ.க்கு ஏற்றினாலே, வெறும் பல்பாக இருந்தால், ஓரிடத்தில் விழும் கதிர்வீச்சு பாதிக்கும் கீழே போய்விடும். ரிஃப்ளெக்டர் இருந்தால் இந்தக் கணக்கு அப்படியே செல்லாது. சில குழிந்த ரிஃப்ளெக்டர்கள் ஒளியை ஒரே இடத்தில் குவித்து, மற்ற இடம் ஆறியிருக்க உள்ளங்கை அகலம் மட்டும் கொதிக்கவைக்கும். அகன்ற ரிஃப்ளெக்டராக எடுங்கள். உயரம் கூடினாலும் வெளிச்சம் பரவலாக விழும். பவளத்தையும் கொஞ்சம் மேலே பாறையில் ஏற்றி வைத்துக்கொள்ளலாம்.

அளப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானி இந்த வேலைக்கு நல்லது. அது அக்ரிலிக்கின் மேற்பரப்பைத்தான் படிக்கும், ஊடுருவித் தண்ணீரைப் படித்துவிடாது. ஆனால் விளக்கு எரியும்போது அளந்தால், பளபளப்பான தகட்டில் பட்டுத் திரும்பும் பல்பின் சூடும் கணக்கில் சேர்ந்துவிடும். குறைந்தது மூன்று நான்கு மணி நேரம் எரிந்தபின் விளக்கை அணைத்து, அணைத்த கையோடு அளவு எடுங்கள். பட்டையின் நடு, பட்டை முன்பலகையோடு சேரும் இடம், திறப்புகளின் உள்மூலைகள். உள்மூலை கூராக அறுக்கப்பட்டிருந்தால் அங்கே கூடுதல் கவனம் வேண்டும். விரிசல் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும். வெயில் உச்சத்தில் இருக்கும் பருவத்தில் இன்னொரு முறை அளக்க வேண்டும். அறை பத்து டிகிரி கூடினால் பட்டையும் ஏறக்குறைய அவ்வளவு கூடும்.

பட்டையின் மேல் காய்ந்த உப்பும் பாசியும் படிய விடாதீர்கள். தெளிவான அக்ரிலிக் ஒளியின் பெரும்பகுதியைக் கீழே விட்டுவிடும். பழுப்பேறிய படிவு அதை வாங்கிச் சூடாக்கும். கறுப்பு அக்ரிலிக்கில் பட்டை போட்ட தொட்டி என்றால் நிலைமை இன்னும் மோசம். அப்படிப்பட்ட தொட்டிக்கு மேலே மெட்டல் ஹாலைடு மாட்டித் தரச் சொன்னால் நான் மறுத்துவிடுவேன்.

கேள்வி: கூரை தாழ்வு. 25 செ.மீ.க்கு மேல் ஏற்ற வழியில்லை. பட்டையின் மேல் அலுமினியத் தாள் ஒட்டினால் போதுமா?

பதில்: ஒட்ட வேண்டாம். ஒட்டிய தாள் தன் சூட்டைப் பட்டைக்கே கொடுக்கும். உப்புக் காற்றில் அலுமினியம் அரித்துத் தூளாகி உள்ளேயும் விழும். மெருகேற்றிய துருப்பிடிக்காத எஃகுத் தகட்டைப் பட்டையைவிட ஒரு செ.மீ. அகலமாக வெட்டி, பட்டைக்கு மேலே இரண்டு செ.மீ. இடைவெளி விட்டு நிறுத்துங்கள். இடையில் காற்று ஓட வேண்டும், அதுதான் விஷயம். அந்தத் தகட்டை விளக்குச் சட்டத்திலிருந்தே தொங்கவிடுங்கள். இழுவையில் இருக்கும் அக்ரிலிக்கில் திருகு போடத் துளையிட்டால், விரிசலுக்கு நீங்களே வாசல் திறந்துவிட்டதாக ஆகும்.

இப்படிச் செய்தாலும் 25 செ.மீ. உயரத்துக்கு 250 வாட் பல்போடு நிறுத்திக்கொள்வதே என் யோசனை.

கேள்வி: விளக்கு, ரிஃப்ளெக்டர், சட்டம் எல்லாம் சேர்ந்து 15 கிலோ. தொட்டியின் விளிம்பிலேயே மரக்கால் நிறுத்தி அதன்மேல் வைக்கலாமா, கூரையிலிருந்து தொங்கவிடுவதா?

பதில்: தொட்டியின் விளிம்பில் எதையும் நிறுத்தாதீர்கள். ஏற்கெனவே இழுவையிலும் சூட்டிலும் இருக்கும் இடத்தில் 15 கிலோவை நான்கு சிறு புள்ளிகளாக இறக்குவது எந்த வகையில் நியாயம்? கூரையில் தொங்கவிடுங்கள், அது முடியாவிட்டால் தொட்டி மேடையின் பின்பக்கத்திலிருந்து இரும்புக் குழாய் எழுப்பி, மேலே வளைத்துக் கொண்டுவாருங்கள். விளக்கின் எடையில் மேடை முன்னால் சாயாதபடி குழாயைச் சுவரோடும் பிணைக்க வேண்டும்.

கான்கிரீட் கூரை என்றால் விரியும் ஆங்கர் போல்ட். மரக்கூரை என்றால் உத்தரத்தில் திருகு ஏற வேண்டும். பொய்க்கூரையின் ஜிப்சம் பலகையில் எதையும் தொங்கவிடக் கூடாது, அதில் ஆங்கர் எவ்வளவு அழகாக உட்கார்ந்தாலும் சரி. கயிற்றுக்கு எஃகுக் கம்பிக்கயிறு அல்லது வெல்டு செய்த கண்ணிச் சங்கிலி. நைலான் கயிறு சூட்டிலும் புற ஊதாவிலும் நாளடைவில் நைந்துபோகும். வாய் திறந்த கொக்கி வேண்டாம். யாராவது சட்டத்தை லேசாகத் தூக்கினால் கழன்றுவிடும். திருகி மூடும் கொக்கியாக வாங்குங்கள். ஒவ்வோர் உறுப்பும் விளக்கு எடையைப் போலப் பத்து மடங்கு தாங்குவதாக இருக்கட்டும்.

எல்லாம் சரியாக இருந்தாலும் எனக்குத் திருப்தி வராது. முக்கியக் கயிறுகளோடு சம்பந்தமே இல்லாத வேறொரு ஆங்கரிலிருந்து இரண்டாவதாக ஒரு பாதுகாப்புக் கயிறு வேண்டும், சற்றே தொய்வாக. முதல் கயிறு அறுந்தாலும் விளக்கு தண்ணீரைத் தொடாத நீளம். கப்பி வைத்து ஏற்றி இறக்குகிறவர்களுக்கு இது கட்டாயம். கப்பியின் பூட்டை நம்பித் தொட்டிக்குள் கையை விட்டுக்கொண்டு தலைக்கு மேலே கொதிக்கும் குவார்ட்ஸ் பல்பை வைத்திருப்பது எனக்குப் புரியாத துணிச்சல்.

மாட்டிய அன்றே விளக்கைத் தொங்கவிட வேண்டாம். 30 கிலோ மணல் மூட்டையைக் கட்டி ஒரு நாள் விட்டுவையுங்கள், அடியில் தொட்டி இல்லாதபோது. மின்கம்பி எடை தாங்கக் கூடாது. சங்கிலியோடு தொளதொளவென்று போகட்டும். அதைப் பல்புக்கு மேலே கொண்டுபோகாமல் ஓரமாக விடுங்கள்.

கேள்வி: இருமுனை ஹாலைடு பல்பின் (இரண்டு முனையிலும் மாட்டும் வகை) முன்னால் இருக்கும் கண்ணாடியை எடுத்துவிட்டால் வெளிச்சம் கூடுமாமே?

பதில்: கூடும். புற ஊதாவும் கூடும். இருமுனைப் பல்புகளில் அதைத் தடுப்பது அந்தக் கண்ணாடி ஒன்றுதான். எடுத்தால் பவளம் கருகும். தொட்டியைச் சுத்தம் செய்கிற உங்கள் கண்ணும் அன்றிரவு மணல் கொட்டினாற்போல் உறுத்தும். உள்ளே இருக்கும் சிறு குவார்ட்ஸ் குழாய் ஆயிரம் டிகிரி வாக்கில் எரிகிறது. ஆயுள் முடியும் தறுவாயில் சில குழாய்கள் வெடிக்கும். சிதறும் துண்டு விழப்போவது அக்ரிலிக் பட்டையின் மேல். கண்ணாடி கீறியிருந்தால்கூட மாற்றும்வரை விளக்கைப் போடாதீர்கள். மாற்றும்போது அதே அளவில் பதப்படுத்திய கண்ணாடி. சாதாரண ஜன்னல் கண்ணாடி ஒரு சொட்டுத் தண்ணீர் தெறித்தால் பிளந்துவிடும்.

திருகுப் பல்புக்கு வெளிக்குமிழே அந்தக் காவல். குமிழ் உடைந்தும் உள்குழாய் எரிந்துகொண்டிருந்தால் உடனே அணையுங்கள்.

கேள்வி: விளக்கை மரப்பெட்டிக்குள் வைத்து இரண்டு விசிறி மாட்டினேன். பட்டை சுடவில்லை, ஆனால் 200 லிட்டர் தண்ணீர் மாலைக்குள் நான்கு டிகிரி ஏறிவிடுகிறது. இன்னும் விசிறி சேர்க்கவா?

பதில்: உங்கள் கடிதத்தில் பல்பு 400 வாட், 8 மணி நேரம் என்று இருக்கிறது. அதாவது 3.2 யூனிட். அத்தனையும் தண்ணீருக்குள்ளேயே போய் ஒரு சொட்டும் வெளியேறாவிட்டால் 200 லிட்டர் கிட்டத்தட்ட 14 டிகிரி ஏற வேண்டும். நான்கோடு நிற்கிறதென்றால் உங்கள் விசிறி நன்றாகவே உழைக்கிறது.

எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட திசையைப் பாருங்கள். பெரும்பாலானோர் பல்பை நோக்கி ஊதவிடுகிறார்கள். ஒரு விசிறி பட்டையின் மேலும் தண்ணீர்ப் பரப்பின் மேலும் படுக்கைவாக்கில் ஊதட்டும். எதிர்ப்பக்கம் உயரத்தில் இருப்பது வெளியே இழுக்கட்டும். தண்ணீர் ஒரு லிட்டர் ஆவியானால் ஏறக்குறைய 0.67 யூனிட் வெப்பத்தைக் கொண்டுபோகும். ஆக, தினம் இரண்டு லிட்டர் கூடுதலாக ஆவியானாலே கணிசமாக இறங்கும். குறைந்த தண்ணீரை நல்ல தண்ணீரால் நிரப்ப மறக்காதீர்கள், உப்பு ஆவியாவதில்லை. காற்று ஏற்கெனவே ஈரமாக இருக்கும் நாட்களில் இந்த வித்தை பலிக்காது, அப்போது விளக்கு நேரத்தைக் குறைக்கத்தான் வேண்டும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. அந்தப் பெட்டியில் விசிறி நின்றுபோனால் என்ன ஆகும்? மூடிய பெட்டியில் 400 வாட், கீழே அக்ரிலிக். உப்புக் காற்றில் சிறு விசிறி நெடுநாள் உழைக்காது; அது நிற்கும் என்றே வைத்துக்கொண்டு ஏற்பாடு செய்யுங்கள். ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுப் பெட்டி வாங்கி, அதன் உணரியைப் பட்டையின் மேல் பொருத்தி, 55 டிகிரியில் விளக்கை வெட்டும்படி அமையுங்கள். மறுபடி போடும் அளவை 35க்குக் கீழே வையுங்கள். ஹாலைடு பல்பு சூடாக இருக்கும்போது மீண்டும் பற்றாது, பத்துப் பதினைந்து நிமிடம் ஆற வேண்டும். இரண்டு அளவையும் நெருக்கமாக வைத்தால் கட்டுப்பாட்டுப் பெட்டி விளக்கைப் போட்டுப் போட்டு வெட்டிப் பல்பைக் கொன்றுவிடும்.

கேள்வி: பலாஸ்டை (பல்புக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சோக்) தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரியில் வைத்திருக்கிறேன். விளக்கு போடும்போது சில சமயம் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறது. அதைத் தவிர்த்து நேரடி இணைப்பு கொடுக்கலாமா என்று எலக்ட்ரீஷியன் கேட்கிறார்.

பதில்: கூடவே கூடாது. இந்தப் பல்பைப் பற்றவைக்கும் துடிப்பு சில ஆயிரம் வோல்ட். ஹோல்டரில் உப்பு படிந்திருந்தாலோ கம்பியின் உறை சூட்டில் வெடித்திருந்தாலோ அது வழி தேடிக் கசியும். ஆர்.சி.சி.பி. உங்களிடம் அதைத்தான் சொல்கிறது. மின்சாரத்தைத் துண்டித்து, ஹோல்டரைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளைப் படிவோ கரிந்த தடமோ இருந்தால் பீங்கான் ஹோல்டரைப் புதிதாக மாற்றுங்கள். துடிப்பு வோல்டேஜுக்கு ஏற்ற, சூடு தாங்கும் சிலிகான் உறைக் கம்பியும் வேண்டும். எல்லாம் சுத்தமாக இருந்தும் விழுந்தால் பலாஸ்டைச் சோதிக்கச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத தொட்டியில் கை விடாதீர்கள்.

பலாஸ்ட் அலமாரிக்குள் இருக்கக் கூடாது. 400 வாட் சோக் தானே 40, 50 வாட் சூடு கக்கும். அலமாரியில் தண்ணீரும் தெறிக்கும். வெளியே, சுவரில், காற்றோட்டமாக மாட்டுங்கள். ஒவ்வொரு கம்பியும் பிளக்குக்குப் போகும் முன் ஒருமுறை கீழே தொங்கி மேலே ஏறட்டும், வழிந்து வரும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும்.

கேள்வி: எல்.இ.டி.க்கு மாறிவிட்டால் இந்தத் தொல்லை எதுவுமே இல்லையா?

பதில்: பெரும்பாலும் இல்லை. எல்.இ.டி.யின் வெப்பம் மேல்பக்கத் தகட்டுக்குப் போகிறது, கீழே அகச்சிவப்பாகக் கொட்டுவதில்லை. தொங்கவிடுவது பற்றியும் மின்சாரம் பற்றியும் மேலே சொன்னது அப்படியே பொருந்தும். ஹாலைடின் அலையாடும் வெளிச்சம் வேண்டும் என்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை.

கேள்வி: மூன்று வருடத் தொட்டி. குறுக்குப்பட்டை முன்பலகையில் ஒட்டிய இடத்தில் மெல்லிய வெள்ளிக் கோடுகள் தெரிகின்றன. கண்ணாடி துடைக்கும் திரவத்தால் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை.

பதில்: அந்தத் திரவத்தை முதலில் தூர வையுங்கள். அதில் அம்மோனியாவோ ஆல்கஹாலோ இருக்கும்; இழுவையில் இருக்கும் அக்ரிலிக்கில் பட்டால் இதே கோடுகளை அதுவே உண்டாக்கும். வெறும் தண்ணீரும் மெத்தென்ற துணியும் போதும்.

விரல் நகத்தை மேலே ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்காமல் போனால், கோடுகள் மேற்பரப்பில் மட்டும் இருந்தால், விளக்கை உயர்த்திவிட்டு வாரம் ஒருமுறை அதே இடத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்து ஒப்பிடுங்கள். நீளவில்லை என்றால் தொட்டி இன்னும் பல காலம் ஓடும். நகம் தடுக்கினாலோ, கோடு ஒட்டிலிருந்து கிளம்பிப் பட்டையின் குறுக்கே போனாலோ, விளக்கை அணைத்துவிட்டு இன்றே தண்ணீரைப் பாதியாக இறக்குங்கள். உயரம் பாதியானால் பலகையின் மேல் தள்ளு கால் பங்காகும், யோசிக்க அவகாசம் கிடைக்கும். மீன்களுக்கு வேறு இடம் பார்த்துவிட்டுத் தொட்டியைக் காலி செய்து, பழைய பட்டையின் மேலே அதே தடிமனில் இன்னொரு பட்டை வைத்து ஒட்ட வேண்டும். கோட்டின் மேல் கரைப்பான் பசையை ஊற்றி அடைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். அந்தப் பசையில் இருக்கும் மெத்திலீன் குளோரைடு என்ற கரைப்பான் கோடுகளுக்குள் இறங்கி அவற்றை இன்னும் ஆழமாக்கும்.